மருந்து சுமப்பானும் உழைச்செல்வானும்

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தவர் திருவள்ளுவர். 'மருந்து' அதிகாரத்தின் நிறைவுக் குறளில் நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றனோடு நான்காவதாக அவர் உழைச்செல்வானை வைத்தார். 'உழை' என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே சென்று மருந்தைப் பிழையின்றி ஊட்டுபவனே உழைச்செல்வான். இன்று அவன் இடத்திற்கு இயந்திரம் ஒன்று வந்து நிற்கின்றது. அதனை எந்த அளவிற்கு வரவேற்பது என்பதே ஈண்டு நம் கேள்வி.

மருத்துவமனைக்குள் தானே நடமாடிப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் இயந்திரத்தை ஜோசப் எங்கல்பெர்கர் என்னும் அமெரிக்கர் 1980களின் இறுதியில் டான்பரி மருத்துவமனையில் இயக்கிக் காட்டினார். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரின் சாங்கி பொது மருத்துவமனையில் 2015 முதல் 'ஹோஸ்பி' என்னும் இயந்திரம் மருந்துகளைச் சுமந்தது. 2020இல் கொரோனா பரவியபோது திருச்சி அரசு மருத்துவமனைக்கு அந்நகரத்து நிறுவனம் ஒன்று 'ஸாஃபி' என்னும் ரோபோக்களை வழங்கியது. அதே ஆண்டில், நம் குமுளி மலைக்கு அப்பால், களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் 'கர்மி-பாட்' பணியில் இறங்கியது. இருபத்தைந்து கிலோ வரை சுமந்து, தொற்று வார்டில் உணவும் மருந்தும் கொடுப்பதற்கென அமைக்கப்பட்டது அது.

இவ்வகை இயந்திரங்களுள் முழுத் தானியங்கிகள் கட்டடத்தின் வரைபடத்தை நினைவிற்கொண்டு, உணரிகளால் வழியறிந்து, எதிரே ஆள் வந்தால் நின்று, விலகிச் செல்கின்றன. பூட்டிய அறைகளில் மருந்தை வைத்து, உரியவர் வந்தால் மட்டுமே திறக்கின்றன. தொற்றுக்கு அஞ்சாதவை; இரவுப் பணியில் சோர்வறியாதவை. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. இயந்திரம் என்றவுடன் முகஞ்சுளிப்பது நம் மரபுமன்று. அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியாளர், கை கழுவுவோர்க்குப் பணிசெய்யும் தானியங்கிப் பாவைகளை விளக்கி நூல் எழுதி முடித்தது 1206ஆம் ஆண்டிலாகும்.

கம்பம் பள்ளத்தாக்கினர்க்கும் மருந்து சுமத்தல் புதுமையன்று. மருத்துமலையையே பெயர்த்து வந்தவனின் பெயர் அனுமந்தன்பட்டி என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒலிக்கின்றது. ஆயினும் மருந்தைக் கொண்டுவருதல் வேறு. நோயாளியிடம் அதைச் சேர்த்தல் வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்தியவர் அவ்வூரைச் சேர்ந்த செவிலிப் பெண் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ரமலான் மாதத்தில் நம் வீட்டு நன்னிமா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். வேளை தவறாமல் மாத்திரை வந்தது; அவரும் வாங்கிக்கொண்டார். குறிப்பேட்டில் எல்லாம் சரியாக இருந்தன. நோய் மட்டும் தணியவில்லை. மூன்றாம் நாள் அச்செவிலியின் கண் நன்னிமாவின் முந்தானை முடிச்சில் விழுந்தது. பகல் வேளை மாத்திரைகள் அனைத்தும் அதற்குள் இருந்தன. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டெனத் திருக்குர்ஆன் கூறுவதை அறிந்தும் அவர் மனம் இசையவில்லை.

செவிலி கடிந்துகொள்ளவில்லை. அருகில் அமர்ந்து, "நோன்பு தொறக்குறது எத்தனை மணிக்குப் பாட்டி?" என்று கேட்டார். பின்னர் மருத்துவரிடம் சென்று பேசினார். மாற்றக்கூடிய வேளைகள் மாற்றப்பட்டன. மாற்ற இயலாத ஒரு மாத்திரைக்காக நோன்பை விடுமாறு பள்ளிவாசல் இமாமைக் கொண்டே சொல்லச் செய்தோம். நன்னிமா தேறி வீடு திரும்பினார்.

அங்கே இயந்திரம் மட்டுமே வந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? 'மருந்து சேர்ந்தது' என்று பதிந்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கும். அது பொய்யுமன்று; மருந்து கைக்குச் சேர்ந்ததுதானே! முந்தானை முடிச்சை ஐயுறுவதற்கு மனித மனம் வேண்டும்.

நம் அச்சம் இயந்திரத்தைப் பற்றியதன்று. அதைக் காட்டி ஆட்களைக் குறைக்க முற்படும் சிந்தனையைப் பற்றியது. கொரோனாக் காலத்தில் தமிழகத்தில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. மாற்றுப் பணி பின்னர் அறிவிக்கப்பட்டது எனினும், தொற்றின் நடுவே கட்டிலருகே நின்றவர்கள் வீதியில் நின்று போராட நேர்ந்தது. அதற்கு இயந்திரம் காரணமன்று. ஆனால் ஆளைச் செலவாக மட்டுமே எண்ணும் நிருவாகத்தின் கையில் இயந்திரம் கிடைத்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நாளை இத்தகைய இயந்திரங்கள் வரலாம், வரட்டும். மருந்துச் சீட்டோடு உறவினர் ஓடும் ஓட்டத்தை அவை குறைக்கட்டும். தாழ்வாரங்களில் செவிலியர் நடக்கும் நடையை மிச்சப்படுத்தட்டும். மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் கட்டிலருகே செலவாகட்டும். ஒரு பணியிடமும் அதனால் குறைதல் கூடாது.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் காயமுற்றோர்க்குப் பணிசெய்தார் ருஃபைதா (ரலி) அம்மையார். நோயாளியை நலம் விசாரிப்பதைக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் மருந்து சுமக்கும் இயந்திரங்களைப் படைக்கட்டும். செவிலியம் பயிலும் நம் பெண்மக்கள் உழைச்செல்வோராகத் திகழட்டும். சுமையை இயந்திரத்திடம் தருவோம். பக்கத்தை மனிதர்க்கே வைத்துக்கொள்வோம்.