உடைந்து கிடப்பதற்கும் ஒரு பெயர் உண்டு



இப்போது வீட்டுக்கு ஒரு கேமரா செல்போன் இருக்கிறது. அதனால் நாம் எல்லாருமே போட்டோகிராபர்தான்! அதிலும் உடைந்த பொருள் என்றால் நமக்குத் தனி ஆசை. இடிந்த சுவர், துருப்பிடித்த லாரி, கரை தட்டிய கப்பல் எதையும் விடுவதில்லை. படமும் அழகாகத்தான் வருகிறது. ஆனால் படம் மட்டும் எடுத்தால் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. இடிந்த சர்ச் முன்னால் நின்று எல்லாரும் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். அது சினிமாவுக்குப் போட்ட செட் இல்லை நண்பர்களே! ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், தலைமன்னாருக்குக் கப்பல் என்று கலகலப்பாக இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்து போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிறகு அந்த ஊரை மக்கள் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு வாழ்கிறார்கள். படம் எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்?

இன்னொரு உதாரணம். 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயல் வந்தபோது, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் தரை தட்டி நின்றது. தப்பிக்க நினைத்த மாலுமிகள் ஏறிய உயிர்காக்கும் படகு அலையில் கவிழ்ந்தது. மீனவர்கள் கடலில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் சில மாலுமிகள் இறந்து போனார்கள். நவம்பர் 11-ல் கப்பலை இழுத்துக்கொண்டு போகும்வரை திருவிழா மாதிரி கூட்டம். ஆளாளுக்குக் கப்பலைப் படம் பிடித்தார்கள். செத்தவர்களும் காப்பாற்றியவர்களும் அந்தப் படங்களில் இல்லை.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா? எடுக்கணும்! எடுக்காமல் விட்டால் உள்ளதும் போய்விடும். எப்படி எடுக்கணும் என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்து பக்கம் சில்லி தீவுகள் என்று இருக்கின்றன. பாறைகளில் கப்பல் மோதி உடைவது அங்கே வாடிக்கை. ஜான் கிப்சன் என்ற மாலுமி போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாக, நூறு வருஷத்துக்கும் மேல் உடைந்த கப்பல்களைப் படம் எடுத்தார்கள். 1875-ல் ஷில்லர் என்ற ஜெர்மன் கப்பல் மூழ்கி 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது அந்தச் செய்தியைத் தந்தி மூலம் வெளியுலகத்துக்கு அனுப்பியதும் கிப்சன் குடும்பம்தான். படமும் வேணும், விவரமும் வேணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2013-ல் அந்தப் படங்களை கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது.

"நம்ம கான்சாபுரத்துல கடலே இல்லையே, கப்பலுக்கு எங்கடா போறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கப்பல் இல்லாவிட்டால் என்ன? கிணற்று மேட்டில் கமலைக் கல் நிற்கிறது. தோட்டத்தில் ஓடாத பம்புசெட் கிடக்கிறது. வேலியோரம் சக்கரம் கழன்ற மாட்டு வண்டி. இதெல்லாம் நம் ஊரில் கரை தட்டிய கப்பல்கள்தான்! எங்கள் தாத்தாவின் வண்டியை வெளியூர் அண்ணன் ஒருவர் வந்து பத்துப் படம் எடுத்தார். அவர் போனதும் தாத்தா சொன்னார்: "வண்டியப் புடிச்சான் சரி. எந்த மாடு இழுத்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டானாப்பா?" அந்த வண்டியில்தான் முப்பது வருஷம் நெல்லும் தேங்காயும் போயிருக்கிறது. என் அத்தை கல்யாணமாகிப் போனதும் அதில்தான். அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் வாங்குவார். நாமும் வெறும் படம் மட்டும் எடுத்தால் நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நான் சொல்வது இதுதான். உடைந்த எதைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடையது? என்ன வேலை செய்தது? எப்போது நின்றது? பதிலைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். ஆபத்தில் யாராவது தவித்தால் முதலில் கை கொடுங்கள், படம் அப்புறம்.

அடுத்த இதழில் இதற்கென்று ஒரு மூலை ஒதுக்க ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். செல்போன் இல்லாதவர்கள் பென்சிலால் வரைந்து கொடுக்கலாம். ஆனால் மூன்று பதிலும் கட்டாயம் வேண்டும். என்ன நண்பர்களே, சரிதானே?

— பத்தாம் வகுப்பு மாணவன்