வீடு மாறப் போறீங்களா? பரணைக் காலி செய்வதற்கு முன் ஒரு கேள்வி: அது யாருடைய பொருள்?

காலை 6 மணிக்கு வண்டி வந்துவிடும். முந்தைய இரவு 11 மணிக்கு ஹால் முழுக்க பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள். பரணில் இருந்து இறக்கிய மூட்டைகளை இன்னும் யாரும் பிரிக்கவே இல்லை. “இதை என்ன பண்றதும்மா?” என்று மகன் கேட்கிறார். “எடுத்துக்கோ, அங்க போய் பார்த்துக்கலாம்” என்கிறார் அம்மா. அடுத்த மூட்டையின் முறை வரும்போது அம்மா அசந்து தூங்கிவிட்டார். அந்த மூட்டை தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

வாடகை வீடு மாறிய குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கடைசி இரவில் முடிவெடுத்தால் வேண்டாதது புது வீட்டுக்குப் போகும். வேண்டியது குப்பைக்குப் போகும். ‘டீக்ளட்டரிங்’, ‘மினிமலிசம்’ என்று சமூக வலைதளங்களில் சுற்றும் வீடியோக்கள் எதைத் தூக்கிப் போடலாம் என்று பட்டியல் போடுகின்றன. தூக்கிப் போடும் முடிவை யார் எடுக்க வேண்டும் என்று மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஏன் இவ்வளவு சேருகிறது?

நெய் வந்த டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், எந்த போனுக்கென்றே தெரியாத சார்ஜர்கள், வாரண்டி முடிந்த மிக்ஸியின் அட்டைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: ‘என்னைக்காவது உதவும்.’

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால், ஒரு பொருள் கெட்டால் இன்னொன்று வாங்கப் பல மாதம் காத்திருந்த தலைமுறைக்கு, சேர்த்து வைப்பதுதான் சிக்கனம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொந்த வீட்டில் பரணில் கிடந்தால் செலவில்லை. வாடகை வீட்டில் அதற்கும் மாதாமாதம் பணம் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 600 சதுர அடி வீட்டுக்கு வாடகை 15,000 ரூபாய் என்றால், ஒரு சதுர அடிக்கு 25 ரூபாய். கட்டிலுக்கு அடியில், பால்கனியில், அறை மூலையில் என்று 40 சதுர அடியை வேண்டாத பொருட்கள் பிடித்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாய். வருடத்துக்கு 12,000 ரூபாய். குட்டியானையில் ஒரே டிரிப்பில் முடிய வேண்டியது இரண்டு டிரிப்பானால் அந்தச் செலவு தனி. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆக, கழிக்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

மேரி கோண்டோ சொன்னதில் பாதியை மறந்துவிட்டோமா?

ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோவின் புத்தகம் 2014-ல் ஆங்கிலத்தில் வந்தது. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடரும் வர, உலகம் முழுக்கப் பிரபலமானார். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இளம் வயதில் வீட்டில் இருப்பவர்களின் பொருட்களை அவர்களுக்குத் தெரியாமல் கழித்து மாட்டிக்கொண்டதையும், அது தவறு என்பதையும் அவரே அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அது அவ்வளவாகப் பரவவில்லை.

‘மகிழ்ச்சி தருகிறதா’ என்ற கேள்விக்குப் பொருளின் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல முடியும்.

ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சென்னையில் மகனின் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வரும் அம்மாக்களை எடுத்துக்கொள்வோம். பித்தளை அண்டா, தவலை, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் கூடவே வருகின்றன. மகனுக்கு அது இடத்தை அடைக்கும் சாமான். காயலான் கடைக்காரருக்கு எடைக்கு எடை விலை. ஆனால் வீடும் நிலமும் ஆண்கள் பெயரில் இருந்த பல குடும்பங்களில், சீராக வந்த அந்தப் பாத்திரங்கள்தான் ஒரு பெண் ‘இது என்னுது’ என்று சொல்லிக்கொள்ள முடிந்த சொத்து. யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு என்பது அந்தப் பாத்திரத்திலேயே வெட்டப்பட்டிருக்கும். கேட்காமல் அதை எடைக்குப் போடுவதைச் சுத்தம் செய்வது என்று சொல்ல முடியாது.

“அவங்களைக் கேட்டா எல்லாமே வேணும்னுதான் சொல்வாங்க” என்பது வழக்கமான பதில். அதில் நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு பொருளாகக் காட்டி ‘இது வேணுமா, வேண்டாமா’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அதற்குப் பதில், இடத்தைச் சொல்லலாம். “இந்த ஷெல்ஃப் முழுக்க உன்னுது. எதை வைக்கணும்னு நீயே சொல்லும்மா.” அளவை வீடு தீர்மானிக்கட்டும், தேர்வை அம்மா செய்யட்டும். மீதியை அத்தைக்கோ பேத்திக்கோ அவர் கையாலேயே கொடுக்கட்டும். ‘யாரும் எதையும் தொடக்கூடாது’ என்று சொல்பவர்களும் அந்த ஷெல்ஃப் அளவுக்குள் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

எதில் தொடங்குவது?

சுவீடனில் வயதானவர்கள் தங்களுக்குப் பிறகு பிள்ளைகள் சிரமப்படக் கூடாது என்று, இருக்கும்போதே பொருட்களைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதைப் பற்றி மார்கரெட்டா மேக்னுசன் எழுதிய புத்தகம் 2017-ல் ஆங்கிலத்தில் வெளியானது. பெரிய சாமான்களில் தொடங்கி, புகைப்படங்களையும் கடிதங்களையும் கடைசிக்கு வைக்கச் சொல்கிறார் அவர். வீடு மாறுபவர்களுக்கும் இது பொருந்தும். பழைய ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு போச்சு.

வீடு மாற ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கினால் பதற்றம் இருக்காது.

முதல் வாரம், அவரவர் தன்னுடைய துணிகளையும் பொருட்களையும் மட்டும் பார்ப்பது. மகன் தன் பழைய கேபிள்களைக் கழித்துவிட்டு அம்மாவிடம் பேசினால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

இரண்டாவது வாரம், புது வீட்டின் அளவை எடுத்து, கட்டில், பீரோ, சோபாவில் எது உள்ளே போகும் என்று பார்ப்பது.

மூன்றாவது வாரம், சமையலறையும் பரணும். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

கடைசி வாரம், காகிதங்கள். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். பழைய பேப்பர்காரரிடம் கட்டுக்கட்டாகப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது அவசியம்.

கழித்தது எங்கே போகிறது?

வீட்டை விட்டுப் போனால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பல ஆண்டுகளாகச் சென்னையின் குப்பை போய்ச் சேர்ந்தது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான். பெருங்குடி கிடங்கு இருப்பது, 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி. கொடுங்கையூரிலும் கிடங்கைச் சுற்றி மக்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் இடம் காலியாவதற்கு இன்னொருவர் வாசல் நிரம்பக் கூடாது.

பல வீடுகளின் பரணில் இன்னும் பழைய பெட்டி டிவி இருக்கும். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவியும் அதில் உண்டு. அந்தப் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துத் தெருவில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்டவை பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் பெரிய சாமான்களை எங்கே கொடுப்பது என்று 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் கேட்கலாம்.

துணிகளுக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். கிழிந்த சேலையையும் ஜிப் போன பேன்ட்டையும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளிவிடுவது தானம் ஆகாது. நம் சொந்தத் தம்பி தங்கைக்குக் கொடுக்கத் தயங்கும் எதையும் அவருக்கும் கொடுக்கக் கூடாது. துவைத்து, மடித்து, “வேணுமாக்கா?” என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவருக்கும் இருக்கிறது.

அண்டாவாக இருந்தாலும் பழைய சுடிதாராக இருந்தாலும் கேட்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கடைசி இரவில் கிடைக்காது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே பரணில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி, அது யாருடையதோ அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரிக்கத் தொடங்கலாம்.