ஏடு பேசட்டும்!



திருமழிசைச் சாலையோரம் ஒரு மாலைப் பொழுது நின்று பாருங்கள். பெங்களூர் நோக்கிப் பறக்கும் சரக்கு லாரிகள். தொழிற்பேட்டையிலிருந்து களைத்துத் திரும்பும் தொழிலாளர். பிள்ளையின் கைப்பற்றிச் சாலை கடக்கக் காத்திருக்கும் தாய். அந்தத் தாயின் உயிர், முகமறியா ஓட்டுநன் ஒருவனின் தெளிவை நம்பி நிற்கிறது. அவன் குடித்திருந்தால்? முன்பும் குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவனாக இருந்தால்?

சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையெனில் ஈராண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். மறுமுறை என்பதை எவர் சொல்வது? குற்றவாளியா சொல்வான்? ஏடுதான் சொல்ல வேண்டும்! புரட்டிப் பார்ப்பார் இல்லையேல், ஒவ்வொரு குற்றமும் முதற் குற்றமே!

வண்டி ஓட்டுவோனுக்கே ஏடு வேண்டுமெனில், நாட்டை ஓட்டப் புறப்படுவோருக்கு வேண்டாமா?

அமெரிக்காவிலே ஜார்ஜ் புஷ் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். தேர்தலுக்கு ஐந்தே நாள். 2000 நவம்பர் 2 அன்று செய்தி வெடித்தது. 1976இல் மெய்ன் மாநிலத்தில் குடித்து வண்டியோட்டிப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்பி, 150 டாலர் அபராதம் கட்டியவர் அவர்! வெளியிட்டவர் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர். நீதிமன்றக் குறிப்பின் நகலைத் தந்தவர் மாற்றுக்கட்சி வழக்கறிஞர். அரசியல் சூழ்ச்சி என்று குமுறினர் புஷ் அணியினர். சூழ்ச்சியாகவே இருக்கட்டும், ஏட்டில் இருந்தது பொய்யா? இல்லையே! அன்றே அவர் ஒப்புக்கொண்டார். தேர்தலில் வென்றார் என்பது வேறு. 24 ஆண்டு மூடியதைத் தாமே முன்னர்ச் சொல்லியிருப்பின், அது செய்தியே அல்ல அன்றோ!

இங்கே நிலை யாது? நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரும் ஆண்டும் தந்து வழக்கைத் தேடலாம். தீர்ப்பின் நகல் வேண்டுவோர், வழக்கில் தொடர்பற்றவராயினும், காரணம் காட்டி அந்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் மற்றொரு கதவு குறுகிவிட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுநலன் மிகுந்தால் தனியார் தகவலையும் தரலாம் என்றது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியார் தகவல் பற்றிய விதியிலிருந்து அச்சொற்களை நீக்கிற்று. 8(2) என்னும் சாளரம் மட்டுமே மிச்சம்!

ஆனால் தோழர்களே, ஏடு இருமுனைக் கத்தி. ஒரு பெயருக்கு ஊரில் ஒன்பது பேர். தந்தை பெயரும் முகவரியும் பொருந்தாமல் வாய் திறவாதீர். வழக்கு வேறு, தண்டனை வேறு. விடுதலையானவரைக் குற்றவாளி என்பது அவதூறு. ஒருநாள் தவறி, அபராதம் கட்டி, திருந்தி உழைக்கும் ஏழைத் தோழனின் பழைய தாளைத் தெருவில் ஒட்டுவது பொதுநலன் அன்று, பகை. அதிகாரம் கேட்பவனின் தாளை, வாக்குத் தருபவன் கேட்பதே பொதுநலன்.

ஆகவே, எதிரியின் ஏட்டைப் புரட்டுமுன் நம் ஏட்டைப் புரட்டுவோம். பேரூராட்சித் தேர்தலுக்கு வேட்பாளர் வேண்டி மனுத் தருவோர், தம் மீதான தண்டனைகளைத் தாமே எழுதித் தரட்டும். மறைத்தவனுக்கு இடமில்லை, சொல்லித் திருந்தியவனுக்கு உண்டு. நம் ஏடு திறந்திருந்தால்தான், பிறர் ஏட்டைத் திற என்னும் நம் குரலுக்கு வலிமை!