மஞ்சள் கடுதாசி வக்கீல்கள்

"ஐ.பி. போட்டா கடன் காலி" என்று சொல்லும் வக்கீலைக் கண்டால் கடனாளி ஓடவேண்டும்! 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தும், குடிகாட்டு சிப்காட் தொழிலாளிக்கு இன்றும் 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்தான்.

அதில் மனு வெறும் ஆரம்பம். திவால் என்று அறிவித்தபின், கோர்ட் கொடுத்த கெடுவுக்குள் விடுவிப்பு கேட்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் மச்சான் பெயருக்கு இனாமாக எழுதிய மனையைக் கோர்ட் செல்லாதாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, விடுவிப்பு கடனாளிக்கு மட்டும்தான். ஜாமீன் கையெழுத்து போட்ட நண்பன்? அவன் தலையில் கடன் அப்படியே நிற்கும்!

இந்த மூன்றையும் கேட்காமலே சொல்பவரிடம்தான் வக்காலத்து கொடுக்கவேண்டும். ஃபீஸ் எவ்வளவு என்பதெல்லாம் அதன்பிறகு.