ஆண் வேடம் போடும் பெண்கள்: கொடுமுடியிலும் உண்டு, ஜப்பானிலும் உண்டு!

'ஆர்.ஆர்.ஆர்.' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலே பீம் என்ற காட்டு வீரன் வருவான் அல்லவா? வெள்ளைக்காரத் துரையை ஓட ஓட விரட்டுவான். அந்தக் கதையை 2024 ஜனவரியில் ஜப்பான் நாட்டில் மேடை நாடகமாகப் போட்டார்கள். பீம் வேடம் போட்டவர் ஒரு பெண். அவனுடைய நண்பன் ராஜுவாக வந்தவரும் பெண். துரைமார், சிப்பாய்கள், எல்லோரும் பெண்களே! மேடையில் மருந்துக்குக்கூட ஓர் ஆண் கிடையாது. படத்தை எடுத்த ராஜமவுலி டோக்கியோவுக்குப் போய், அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கோயமுத்தூரில் இருக்கிற நமக்கு இதனால் என்ன?" என்று கேட்கலாம்.

அதே 2024 ஜனவரியில்தான் இன்னொரு செய்தியும் வந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த 87 வயது பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அங்கே 110 ஆண்டுகளாகப் பெண்கள் ஆண் வேடம் கட்டுகிறார்கள். இங்கே ஆண்களின் ஆட்டத்தைப் பெண்கள் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். மேடை ஏறிய பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? என்ன பறிபோகிறது? இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சங்கதிகள் விளங்கும்.

நீச்சல் குளம் மேடையானது

ஜப்பானில் ஒசாகா பெரிய பட்டணம். நம் கோவையைப் போலப் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். அங்கிருந்து தக்கரசூக்கா என்ற சின்ன ஊருக்கு 1910-ல் ரயில் பாதை போட்டார்கள். போட்டவர் கோபயாஷி இச்சிஸோ. ரயில் ஓடியது. ஏறத்தான் ஆள் இல்லை! கடைசி ஸ்டேஷனுக்கு ஜனங்கள் எதற்காகப் போவார்கள்?

கோபயாஷி அங்கே வெந்நீர்க் குளியல் விடுதி கட்டினார். நீச்சல் குளமும் கட்டினார். குளத்துத் தண்ணீர் ஒரே குளிர். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. ஒருவரும் இறங்கவில்லை. சரி, குளத்தின்மேல் பலகை போடு, மேடையாக்கு என்றார். அப்போது டோக்கியோவில் ஒரு பெரிய ஜவுளிக்கடை பையன்களை வைத்துப் பாட்டுக் கோஷ்டி நடத்திக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தது. கோபயாஷி பெண் பிள்ளைகளைச் சேர்த்தார். 1914 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடகம் நடந்தது. குளிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு நாடகம் பார்க்கவே ரயில் ஏறினார்கள்.

மூன்று மணி நேரம்

இன்றைக்கு ஒசாகாவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், தக்கரசூக்கா வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து 'பூப்பாதை' என்ற மர வரிசை தியேட்டருக்கு அழைத்துப் போகிறது. உள்ளே சுமார் 2,550 நாற்காலிகள். வந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்: பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறை.

முதல் பாதி பெரும்பாலும் நாடகம். பிறகு இடைவேளை. அடுத்த பாதி ஆட்டமும் பாட்டும். முடிவில் மேடையில் 26 படிகள் கொண்ட பிரம்மாண்டமான படிக்கட்டு வந்து நிற்கும். நடிகைகள் அதிலே இறங்கி வருவார்கள். கடைசியாக ராஜபார்ட் நடிகை வருவார். முதுகில் மயில் தோகை விரித்தாற்போல இறகுகள். கையோ பிடிமானம் இல்லாமல் வீசும். கண்ணோ கீழே பார்க்காது. கால் மட்டும் படியைக் கண்டுபிடித்து இறங்கும்.

இதற்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 15 முதல் 18 வயதுப் பெண்கள்தான் சேரலாம். ஆண்டுக்கு 40 பேர். இரண்டு ஆண்டு படிப்பு. படிப்பின்போதே ஆண் வேடக்காரி, பெண் வேடக்காரி என்று இரண்டாகப் பிரிகிறார்கள். பூ, நிலா, பனி, நட்சத்திரம், அண்டவெளி என்று ஐந்து கோஷ்டிகள். பீம் கதையை ஆடியது நட்சத்திரக் கோஷ்டி.

நம் ஊரில் இல்லையா?

இருந்தது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்பவர் ஜப்பான்காரர்களுக்கு முன்பே பெண்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காக விட்ட ரயிலுக்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் வந்தது என்பார்கள். ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அந்தக் கம்பெனிதான் வீடு. அவர் காலத்தோடு கம்பெனியும் மறைந்தது. ஊரே கொண்டாடிய பாலாமணி கடைசியில் மதுரையில் வறுமையில் வாடி இறந்தார்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்தவை பாய்ஸ் கம்பெனிகள். அங்கே ஸ்திரீபார்ட்டும் பையன்தான். டி.கே.சண்முகம் அவ்வையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' ஆனார். ஆண், பெண் வேடம் போட்டால் கைதட்டல். பெண், ஆண் வேடம் போட்டால்?

போட்டுக் காட்டினார் நம் கொங்கு நாட்டுப் பெண்! ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908-ல் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். ரயிலில் பாடிய ஏழைச் சிறுமியின் குரல் அவளை நாடகக் கம்பெனியில் சேர்த்தது என்பது ஊர் அறிந்த கதை. நல்லதங்காள் நாடகத்தில் பையன் வேடத்தோடு தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து ஆடிய நாடகங்களுக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது.

1933-ல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 25. இத்தோடு பிழைப்புப் போயிற்று என்றுதானே நினைப்போம்? 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. விகடனில் கல்கி அந்தப் படத்தைக் கேலி செய்து எழுதினார். எழுதட்டும்! விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த நாளில், ஆண் வேடம்தான் அவருக்கு மேடைக்குத் திரும்ப வழி திறந்துவிட்டது. 1951-ல் சென்னை மேல்சபை அங்கத்தினரும் ஆனார்.

கோபயாஷியின் முதல் நாடகம் நடந்த அதே 1914-ல் கோவையிலும் ஒரு காரியம் நடந்தது. ரயில்வே வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். தெருவின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. அவரும் ரயில்காரர், இவரும் ரயில்காரர். ஜப்பான்காரர் நாடகத்துக்கு முதல் போட்டார். கோவைக்காரர் சினிமாவுக்குப் போட்டார். பின்னால் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் வந்ததற்கு அந்தப் பாதைதான் தொடக்கம். பெண்கள் நாடகத்துக்கோ நம் முதலாளிகளில் ஒருவரும் கூரை போடவில்லை. பாலாமணி, சுந்தராம்பாள் என்று தனி மனுஷிகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடமோ, மாதச் சம்பளமோ, சொந்தக் கொட்டகையோ இல்லை.

25 வயதுப் பெண்ணின் சாவு

அப்படியானால் தக்கரசூக்காவைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கலாமா? பொறுங்கள்.

2023 செப்டம்பர் 30-ந் தேதி அண்டவெளிக் கோஷ்டியைச் சேர்ந்த 25 வயது நடிகை இறந்துகிடந்தார். தற்கொலை என்று கருதப்பட்டது. கடைசி ஒரு மாதத்தில் அவர் 400 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறார் என்று குடும்பத்தாரின் வக்கீல்கள் சொன்னார்கள். நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது! பெரிய நடிகைகள் அவரைக் கொடுமைப்படுத்தினார்கள் என்றும் புகார். முதலில் கம்பெனி மறுத்தது. 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இதில் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அப்போது முதல் சில ஆண்டுகள்தான் நடிகை, கம்பெனியின் வேலையாளாக இருந்தார். ஆறாம் ஆண்டு முதல் ஒப்பந்தக்காரி ஆகிவிட்டார். ஒப்பந்தக்காரி என்றால் வேலை நேரக் கணக்கு யாருடைய பொறுப்பு? இறந்த பெண்ணும் ஒப்பந்தத்தில் இருந்தவர்தான். இந்த முறையை மாற்றுவதாக 2025-ல்தான் கம்பெனி அறிவித்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' நடந்ததை மறக்க முடியுமா? சிறு வயதுப் பெண்கள், ஹாஸ்டல் வாசம், மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. நடுவில் விட்டால் பல பேருக்குத் தொகை இல்லை. நூல் இழுப்பதும் நாடகம் ஆடுவதும் வேறு வேறு தொழில். ஆனால் "நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கும்" என்று வயசுப் பெண்ணைத் தேடி எடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். இங்கே நன்றாகப் பழகிய பெண் நல்ல மனைவியாவாள் என்பது கோபயாஷியின் எண்ணம். கல்யாணமானால் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது தக்கரசூக்காவின் கட்டுப்பாடு.

கும்மி வட்டத்தில்

இனி நம் கும்மிக்கு வருவோம். கொங்கு நாட்டுக் கிராமங்களில் இப்போது சாயங்கால வேளையில் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி பழகுகிறார்கள். அரங்கேற்றம் என்றால் ஊரே கூடுகிறது. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள். வேடனாக வந்து, கிழவனாக மாறி, வள்ளியைக் கைப்பிடித்த முருகன் கதை. 2024-ல் பெருந்துறையில் சுமார் 16,000 பேர் சேர்ந்து ஆடி உலக சாதனை படைத்தார்கள். தக்கரசூக்கா தியேட்டர் ஆறு முறை நிரம்பினாலும் அத்தனை பேர் வரமாட்டார்கள்!

இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் அரசியல் வராமல் இருக்குமா? வந்துவிட்டது. சில மேடைகளில் கும்மியோடு சாதிப் பெருமையும் பேசுகிறார்கள். சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று பெண் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கியதாகப் பெரிய சர்ச்சையே கிளம்பியது. கும்மி பழகப் போன பிள்ளை கும்மியைப் பழகட்டும். அவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பது ஆட்டத்தில் எந்த அடி? கும்மியில் தாய்மார்கள்தான் அதிகம். இதை வாத்தியாரிடம் அவர்களே கேட்கலாம்.

ஜப்பானில் இல்லாத ஒன்று நம் கும்மியில் இருக்கிறது. அங்கே தாலி ஏறினால் வேடம் கலைகிறது. இங்கே பால் கறந்துவிட்டு வந்த பாட்டியும், பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த மருமகளும், பள்ளிக்கூடத்துப் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். ஆனால் அங்கே சம்பளம் உண்டு. இங்கே கோயில் விழாவுக்கு ஆடினாலும் கட்சி மாநாட்டுக்கு ஆடினாலும், பெரும்பாலான பெண்களுக்குக் கைதட்டல்தான் கூலி. மாநாடு நடத்துகிறவர்கள் பந்தலுக்குக் கொடுக்கிறார்கள், மைக் செட்டுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் ஆடுகிற பெண்ணுக்கு எவ்வளவு என்று அந்தக் கணக்கு நோட்டில் இனிமேல்தான் எழுத வேண்டும்.