கொழிஞ்சியும் குத்தகையும்

பங்குனி மாதத்தில் சேரன்மாதேவிப் பக்கம் போகும் நேயர்கள் வயல்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிசானம் அறுவடையாகிவிட்டது. ஆனியில் கார்ப் பயிருக்குக் கால்வாயில் ஜலம் வரும் வரையில் அந்த மண்ணை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் ஊட்டி வளர்த்த பூமி! நமது சிறு வயலை உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்கிறது. மண்புழுவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தழையும் சாணமும் காணாமல் பல வருஷம் யூரியாவை மட்டும் தின்ற மண் வேறெப்படி இருக்கும்?

இந்தத் தரிசுக் காலத்துக்கென்றே ஏற்பட்ட செடி கொழிஞ்சி. அறுவடைக்குப் பின் மிஞ்சிய ஈரமே அதற்குப் போதும். ஆடு மாடு எளிதில் வாய் வைக்காது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மக்கி உரமாகிவிடும். கோடையில் வற்றிய குளத்திலிருந்து கரம்பை அடித்துப் பரப்புவதும் பழைய வழக்கந்தான். குளமும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். 2017-இல் சர்க்காரே விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தது. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை உத்தியோகத்தை 1969-இல் உதறிவிட்டுக் களக்காட்டில் பணியாற்றிய நம்மாழ்வார், 2013-இல் மறையும் வரையில் ஊர் ஊராகச் சொல்லி வந்ததும் ஏறக்குறைய இதுவே.

சென்ற வருஷம் நாமும் பரீக்ஷித்துப் பார்த்தோம். விதையை வாங்கி அப்படியே இறைத்தோம். பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. குத்தகைக்காரர் சிரித்தார்.

“சார்வாள், மணலோட சேத்து ஒரல்ல லேசா இடிச்சு, தோலைக் கீறில்லா வெதைக்கணும்?”

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தாவர சாஸ்திரம் போதிக்கும் நமக்கு இது தெரியவில்லை! வெட்கத்தை மறைத்துக்கொண்டு, “தெரிந்த நீர் ஏன் விதைக்கவில்லை?” என்று கேட்டோம்.

“அடுத்த பூவுக்கு வயல் எங்கிட்ட இருக்கும்னு யாரு கண்டா?”

இதற்கு நம்மிடம் பதிலில்லை. குத்தகையை வருஷா வருஷம் பேசுகிறவர்கள் நாம்தானே? கரம்பை அடித்த பலன் பல போகத்துக்கு நிற்கும். ஒரு வருஷக் குடியானவன் யாருக்காக வண்டி கட்டுவான்? பட்டணத்தில் இருந்துகொண்டு, “ஊரில் விளைச்சல் குறைந்துவிட்டது” என்று பெருமூச்சு விடும் நேயர்கள் தங்கள் குத்தகைச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும்.

இந்த வைகாசியில் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். விதைச் செலவும் நம்முடையது. கையெழுத்துப் போட்ட மறுநாளே, குளத்திலிருந்து எத்தனை லோடு கரம்பை அடிக்கலாம் என்று அவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.