பூங்கா யாருக்குச் சொந்தம்?

தருமபுரியில் முன்னொரு காலத்தில் அழகான தோட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அது ஜனங்களுக்காகப் போடப்பட்டதல்ல. 1792-ல் பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ரீடு என்ற ராணுவ அதிகாரிக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தச் சீமையில் நிலத்தை அளந்து, தீர்வை விதித்து, வசூலும் செய்தார். அந்த நாட்களில் தருமபுரியில் அவர் வளர்த்த தோட்டம் அது. மாற்றலாகிப் போனபோது, அதைப் பிரிய மனம் வரவில்லையென்று கடிதமே எழுதினார்.

வேலை செய்து களைத்தவனுக்கு நிழலும் காற்றும் வேண்டும். துரையே ஒப்புக்கொண்ட விஷயம் இது. அதிகாரிக்கு வேண்டியிருந்த நிழல், தீர்வை கட்டிய குடியானவனுக்கு வேண்டாமா என்றுதான் நாம் கேட்கிறோம்.

மக்கள் பேரால் பூங்கா அமைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெலியன் அங்கே 'மக்கள் பூங்கா'வுக்குத் திட்டமிட்டார். ஏறக்குறைய 116 ஏக்கர் நிலம். குளங்கள், பாதைகள், விளையாட்டு மைதானங்கள். 1863-ல் மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்து சேர்ந்தது.

பிறகு நடந்தது என்ன? 1880-களில் ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. அதன்பின் ஸ்டேடியம். 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. பழைய பூங்காவில் இன்று மிஞ்சியிருப்பவை சில துண்டுகளே.

மண்டபம் வேண்டாமா, மார்க்கெட் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. பூங்காவை யாரும் கெட்ட காரியத்துக்கென்று சொல்லி எடுப்பதில்லை. நல்ல காரியத்தின் பேராலேயே எடுக்கிறார்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்து ஜனங்கள் வழக்காடினார்கள். 1991-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஜனங்கள் சும்மா இருந்திருந்தால் நிலம் போயிருக்கும்.

நம் மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959-ல் சட்டம் இயற்றப்பட்டது. ஸ்தல நிர்வாகம் அவற்றின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை சர்க்காரின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பக்கூடாது. 2019-ம் ஆண்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைத்தாக வேண்டும். ஆனால் 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளுக்கு, நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். பணம் கஜானாவுக்குப் போகும். குழந்தைகள் எங்கே ஓடி விளையாடுவது?

பணக்காரன் வீட்டில் தோட்டம் இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்துக்குப் பூங்காதான் திண்ணை, முற்றம் எல்லாம். வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்த் திரும்பும் நம் ஜில்லாத் தொழிலாளி, தன் சொந்த ஊரில் காசில்லாமல் உட்கார ஓரிடம் கேட்பது பெரிய ஆசையா?

ஆகவே நாம் கோருகிறோம்: தருமபுரி நகராட்சி தன் பூங்காக்கள், திறந்தவெளிகளின் பட்டியலை, சர்வே எண்ணோடும் பரப்பளவோடும் ஒவ்வொரு வார்டிலும் ஜனங்கள் படிக்கும்படி ஒட்ட வேண்டும். நிலத்துக்குப் பதில் பணம் வாங்கும் வழியை சர்க்கார் அடைக்க வேண்டும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிய வேண்டும்.

பட்டியல் வெளிவந்ததும், தோழர்களே, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடத்தையும் நேரில் போய்ப் பார்ப்போம். வேலி நகர்ந்திருந்தால் கேள்வி கேட்போம். துரையின் தோட்டத்துக்குக் காவல்காரன் இருந்தான். மக்களின் பூங்காவுக்கு மக்களே காவல்.